எள்ளளவு பச்சை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்கு வந்த புதிதில் அந்தக் கோபத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. யாரைப் பார்த்தாலும், "அடடா, லக்ஷதீபம் இப்பத்தானே முடிஞ்சுது, நீ பாக்காம போயிட்டயே!" என்பார்கள். பத்மநாபசுவாமி கோவிலில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை லக்ஷம் விளக்கேற்றும் திருவிழா அது. சாப்பிடாத கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவள் என் மாமியார். சின்ன வயதிலேயே வெள்ளைப் புடவைக்கு மாறியவள். ஒரே பிள்ளையை வளர்த்து சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக்கி எனக்குக் கொடுத்தவள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து ஒரு லக்ஷதீபத்தைக்கூட விட்டதில்லை. ஒவ்வொன்றையும் கோவிலுக்குள்ளே நின்று பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு ஜமீன்தார் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒருவழியாக அடுத்த லக்ஷதீபமும் வந்தது. தை பிறக்கும் அன்று தீபம். மார்கழி ஆரம்பத்திலேயே எங்கள் ஊரிலிருந்து விருந்தாளிகள் வருவதாகச் சேதி வந்துவிட்டதால், நான் வீட்டை ஒட்டடை அடிக்க ஆரம்பித்தேன். நீளக் கம்பின் நுனியில் தென்னை ஈர்க்குகளைக் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்து வீசு வீசென்று வீசினேன். எனக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. ஒரு ஈர்க்கு ஒடிந்து நேராக வலது கண்ணில் குத்தியது.

மாமியார் நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் கண்மேல் வைத்துக் கட்டினாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் கண் சிவந்து, வீங்கி, வெளிச்சத்தைப் பார்த்தாலே தண்ணீராகக் கொட்டியது. "கண் கெட்டப்பறமா சூரிய நமஸ்காரம் பண்ணப்போறோம்? கிளம்பு ஆஸ்பத்திரிக்கு" என்றார் என் அகத்துக்காரர். அவர் எனக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை, ஆச்சரியத்தில் நானும் மறுபேச்சில்லாமல் வில்வண்டியில் ஏறிவிட்டேன்.

கண் டாக்டர் மலையாளி. இளவயசு, வெண்கலக் குரல். மேஜைமேல் ஒரு பழுப்புக் குப்பி இருந்தது. அதற்குள் கண்ணாடிக் குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் தொங்கிய சொட்டு குங்குமப்பூ ஊறிய பால்போல ஆரஞ்சு நிறம். அதைக் கண்ணில் விட்டார். உலகமே மஞ்சளாயிற்று, டாக்டர் உட்பட. பிறகு போரிக் தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"கண்டோ?" என்று என் அகத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "நல்ல தோலில் இந்தச் சாயம் ஒட்டாது, ஒலிச்சுப் போகும். புண்ணு உள்ள எடத்தில் மாத்திரம் பச்சையாயிட்டு நிக்கும். இதோ, எள்ளுப் போல ஒண்ணு. பேடிக்கண்டா."

பயப்படாதே என்று அர்த்தம். களிம்பு போட்டுக் கட்டுக் கட்டினார். முகம் கழுவக்கூடாது, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, நாலு நாள் கழித்து வா என்றார். வண்டியில் வரும்போது மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் மஞ்சள். கண்ணில் விட்டது மூக்கில் வருகிறதே என்று எனக்கு ஒரே சிரிப்பு.

வீட்டு வாசலில் மாமியார் காத்துக்கொண்டிருந்தாள். "அப்படியே கொல்லைவழியா வா" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் தீட்டு. தலைக்கு ஸ்நானம் பண்ணாமல் யாரும் உள்ளே வர முடியாது, அது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். கிணற்றடியில் என்னை உட்காரவைத்தாள். கட்டும் ஆஸ்பத்திரித் துணிதானே, அதையும் அவிழ்த்து எறிந்தாள். ராட்டினம் கிறீச்சிட, குடம் குடமாக இழுத்துத் தன் கையாலேயே என் தலையில் கொட்டினாள். பிறகு மடியாக உலர்த்திய பழைய வேஷ்டியைக் கிழித்து, முன்னைவிட அழகாகக் கட்டுப் போட்டுவிட்டாள். அத்தனையும் ஆசையோடு செய்தாள்.

முகம் கழுவக்கூடாது என்ற உத்தரவை நாங்கள் அட்சரம் பிசகாமல் காத்தோம். காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் கன்னத்தைத் தொட்டால்கூட மாமியார் சத்தம் போடுவாள். நாலு நாள் கழித்துப் போனபோது அந்தப் பச்சைப் புள்ளி மிளகளவு ஆகியிருந்தது. டாக்டர் முகம் சுளித்தார், வேறு களிம்பு போட்டார். திரும்பி வந்ததும் கிணற்றடி, குடம், ராட்டினம், புதுக் கட்டு.

மூன்றாவது தடவை என் அகத்துக்காரருக்கு ஆபீசை விட்டு வர முடியவில்லை. லக்ஷதீபத்துக்கு முன்னால் நடக்கும் முறைஜபத்துக்கு ஊரெல்லாம் வேத பிராமணர்கள் வந்து குவிந்திருந்தார்கள். அவர்களுடைய சாப்பாட்டுக் கணக்கில் ஆபீசே மூழ்கிக் கிடந்தது. மாமியார் துணைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சுவர், கதவு, நாற்காலி எதுவும் மேலே படாமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அறையின் நட்டநடுவில் நின்றாள்.

டாக்டர் சொட்டு விட்டார், கழுவினார், பார்த்தார். வெண்கலக் குரல் காணாமல் போயிற்று. "பச்சை நடுவு வரை எத்திப் போயி. கண்மணிக்குப் பக்கம். இனியும் வளர்ந்நால் பூ விழும், பின்னே அந்தக் கண்ணில் வெளிச்சமில்லை. நீங்கள் கண்ணைத் தேய்க்கறதுண்டோ?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"முகம் கழுகியோ?"

எனக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன சின்னக் குழந்தையா? கழுவாதேன்னு சொன்னேள், கழுவலை!"

மாமியாரும் சேர்ந்துகொண்டாள். "ஒரு சொட்டு ஜலம் படலை டாக்டரே. நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுண்டு பாத்துண்டிருக்கேன். இங்கேர்ந்து போனதும் தீட்டுக்காகத் தலையில நாலு குடம் விடறதோட சரி. மத்தபடி முகமே கழுவறதில்லை."

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "நாலு குடமோ? கட்டு?"

"அதைத்தான் அவுத்து எறிஞ்சுடறேனே!"

எனக்குமே அப்போதுதான் உறைத்தது. முகம் கழுவுவது தண்ணீர், ஸ்நானம் என்பது ஆசாரம். இரண்டும் ஒன்று என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டும் செய்யாமல், "அம்மா இங்கே வரணும். வந்து நோக்கணும்" என்றார்.

மாமியார் தயங்கினாள். பிறகு, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிலும் படாமல் குனிந்து கண்ணாடி வழியாக என் கண்ணுக்குள் பார்த்தாள். அவள் மூச்சு என் நெற்றியில் பட்டது. "துளசித் துளிராட்டமா பச்சையா இருக்கு" என்றாள். "அதெல்லாம் நான் விட்ட ஜலமா?"

டாக்டர் களிம்பு போட்டார். இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டினார். ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், கட்டைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, தலைக்கு ஒரு துளி தண்ணீர் கிடையாது என்றார்.

"லக்ஷதீபம்?" என்று கேட்டேன்.

"பச்சையிடம் கேக்கணும்" என்றார் டாக்டர். "அது போனால் போகலாம்."

வண்டியில் மாமியார் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்தது எனக்குக் கண்ணைவிடப் பெரிய பயமாக இருந்தது. வீடு வந்ததும் வண்டிக்காரரிடம், "வாசப்பக்கமே நிறுத்து" என்றாள். என் கையைப் பிடித்து, நேராக முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போய் ரேழி அறையில் படுக்கவைத்தாள். கிணற்றடிப் பேச்சே இல்லை. சரி, ஆசாரத்தைத் தளர்த்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளை எனக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் விழும் சத்தம். பிறகு ஈரப் புடவையின் சலசலப்போடு வந்து, ரசஞ்சாதம் பிசைந்து என் வாயில் ஊட்டினாள். ஊட்டி முடித்ததும் மறுபடி ராட்டினம். கொல்லைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவாள்; வந்து படுக்கவைத்ததும் ராட்டினம். தலையணையைச் சரிசெய்வாள், ராட்டினம். கண் தெரியாமல் கிடந்தவளுக்கு அந்தக் கிறீச்சொலிதான் கடிகாரமாக இருந்தது. நம்ம ஊர் மார்கழி பெரிய குளிரில்லை என்றாலும், விடியற்காலைக் கிணற்று ஜலம் சும்மா இருக்குமா? அவளுக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது.

"ஏம்மா இப்படிக் குளிச்சுண்டே இருக்கேள்? ஜன்னி வந்துடப்போறது" என்றேன்.

"உன் பங்கையும் சேத்து நான்தானே குளிக்கணும்? உனக்குத்தான் கூடாதுன்னுட்டாரே அந்த டாக்டர். பேசாம வாயைத் திற."

திறந்தேன். சாதத்தோடு அழுகையும் சேர்ந்து வந்தது. "அழுதயோ, கட்டு நனையும். அப்பறம் பச்சை உன்னைப் பாத்துப் பல்லைக் காட்டும்" என்று அதட்டினாள். அப்படி அதட்டி அதட்டியே என்னைச் சிரிக்கவைத்தாள். எத்தனையோ வருஷத்து லக்ஷதீபங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். எந்தெந்தச் சுவரில் எப்படி எப்படி அகல் வைப்பார்கள், யார் புடவையில் எண்ணெய் கொட்டியது, எந்த மாமி கூட்டத்தில் தொலைந்துபோய் வேறு தெருவில் போய் நின்றாள், எல்லாம். "கண்ணைக் கட்டிண்டிருக்கறவளுக்கே நான் காட்டிடுவேன் போலிருக்கே, நீ எதுக்கு வேற வரணும்?" என்பாள். உடனே, "வருவாய்டி. பத்மநாபன் அழைச்சுப்பான்" என்பாள்.

இடையில் போனபோது பச்சை மிளகிலிருந்து எள்ளுக்கு இறங்கியிருந்தது. பிறகு ஊசிமுனை. டாக்டர் சொட்டு விட்டதும் மாமியாருக்குத்தான் முதல் தரிசனம் என்றாகிவிட்டது. "இன்னும் இருக்கா அந்தத் தரித்திரம்?" என்று கேட்டுக்கொண்டேதான் குனிவாள்.

தீபத்தன்று சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் இல்லை. எல்லோரும் கோவில் இருக்கும் கிழக்கேகோட்டைப் பக்கம் போய்விட்டார்கள். சொட்டு விழுந்தது. மஞ்சள் உலகம். போரிக் தண்ணீர். டாக்டர் பார்த்தார், முகத்தில் எதையும் காட்டாமல் கண்ணாடியை மாமியாரிடம் கொடுத்தார். முதல் தடவையாக அவள் அதைக் கையில் வாங்கினாள்.

"ஒண்ணுமே இல்லையே!" என்று கத்தினாள். "டாக்டரே, ஒண்ணுமில்லையே! கண்ணாடியாட்டமா இருக்கே!"

டாக்டரின் வெண்கலக் குரல் திரும்பி வந்தது. "போயி வரணும். புகைப்பக்கம் போகருது, தூர நின்னு காணணும். தலைக்குக் குளி ஒரு வாரம் கழிஞ்சு."

அந்தக் கடைசி வார்த்தைதான் இடித்தது. தலைக்கு ஸ்நானம் இல்லாமல், ஆஸ்பத்திரித் தீட்டோடு கோவிலுக்குள் போக முடியாது. ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு என் அகத்துக்காரர் முன்னமே போயிருந்தார். வீட்டுக்கு வந்து மாமியார் குளித்து, மடியாக உலர்ந்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் அவளைத் தொடாமல் இரண்டடி தள்ளியே நடந்தேன். கோவிலின் கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் தெருப் பெண்களெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். "மாமி, வாங்கோ வாங்கோ, எடம் போயிடும்" என்று கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்கோ" என்றாள் மாமியார். என்னைப் பத்மதீர்த்தக் குளத்துப் படிப்பக்கம் வரச்சொல்லிச் சாடை காட்டினாள்.

"அம்மா, எனக்காக நீங்க ஏன்... நீங்க ஒண்ணைக்கூட விட்டதில்லையே!"

"உள்ள நின்னா ஒரு லக்ஷம்தான். இங்க குளத்துல விழறதையும் சேத்தா ரெண்டு லக்ஷம். கணக்குக்கூடவா தெரியாது உனக்கு?"

ஏற்ற ஆரம்பித்தார்கள். முதலில் அடியில் ஒரு வரிசை, பிறகு அதன்மேல் ஒன்று, பிறகு கோபுரம் முழுக்க. குளத்துத் தண்ணீரில் அத்தனையும் தலைகீழாக எரிந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வலது கண்ணில் சாயம் மிச்சமிருந்ததால் அந்தப் பக்கத்து விளக்கெல்லாம் இன்னும் கொஞ்சம் பொன்னாக இருந்தது. ஊரில் வேறு யாருக்கும் அப்படித் தெரிந்திருக்காது என்ற கர்வம்கூட எனக்கு வந்தது. சந்தோஷம் தாங்காமல் அழுதுவிட்டேன். கன்னத்தில் மஞ்சளாக வழிந்தது.

கைக்குட்டையைத் தேடினேன், வீட்டிலேயே விட்டுவிட்டிருந்தேன். அதற்குள் மாமியார் கிட்டே வந்துவிட்டாள். "தொடாதேங்கோ, மடி!" என்று பின்வாங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. வெள்ளைப் புடவைத் தலைப்பால் என் கன்னத்தை அழுந்தத் துடைத்தாள். தலைப்பில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பெண் புடவையில் மஞ்சள் தடவுவார்களே, அந்த அளவு. அதை ஒரு நிமிஷம் பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள், மறுபடி விளக்குகளைப் பார்க்கத் திரும்பினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

வீடு திரும்பியதும் நான் ரேழி அறையில் படுத்துக்கொண்டு, பழக்கத்தில் கொல்லைப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதே புடவையோடு வந்து என் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். வெகுநேரம் காத்திருந்தும் அன்று ராட்டினம் சத்தமே கேட்கவில்லை.