அவரே நோண்டிக்கிறாரு

ஜன்னல் கண்ணாடி அறுக்கும் பட்டறையில் அவருக்கு வைரம் என்றுதான் பெயர். வைரமுனைக் கத்தியால் ஒரே இழுப்பில் கோடு போட்டு லேசாகத் தட்டுவார்; கண்ணாடி சொன்ன இடத்தில் இரண்டாகும். கையுறை போடச் சொன்னால், "எனக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அந்த ஒளிவு மறைவெல்லாம் கிடையாது" என்று சிரிப்பார். அதனால் ஒருநாள் அலமாரிக் கண்ணாடியின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே உரசியபோதும் பழந்துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

கீறல் ஆறவில்லை. சின்னக் கொப்புளமாகி, உடைந்து, குழியானது. ஓரமெல்லாம் ஊதாவாகக் கறுத்தது. வலியோ சொல்லி மாளாது. போர்வை பட்டாலே உயிர் போனது. அறுவை மருத்துவர் கிருமி என்று மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்தார். கொஞ்ச நாளில் புண் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. மறுபடி வெட்டினார்; மறுபடி பெருத்தது. பரிசோதனைக்கு அனுப்பியதில் கிருமி என்று ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டில் கட்டுப் பிரித்துக் கட்டியதெல்லாம் மனைவிதான். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று விற்றுவிட்டு வந்து, கால் வலியோடு அவர் காலடியில் உட்காருவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "வைரத்துல ஓட்டை விழுந்தா யாரு வாங்குவாங்க? நானே வச்சுக்க வேண்டியதுதான்" என்பாள். அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வரும். இவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வார்.

மறுபடியும் வெட்டுவதற்காகப் படுக்கவைத்திருந்த நாளில், திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவரின் குரல் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சில பேர் தன் காயத்தைத் தானே கிளறி விட்டுக்குவாங்க. உங்க வீட்டுக்காரர் அப்படி ஏதாவது...?"

பொரிந்து தள்ளப்போகிறாள் என்று வைரம் காத்திருந்தார்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு டாக்டர். பாத்ரூமுக்குள்ள போனா தாழ்ப்பாள் போட்டுக்கறாரு, லேசுல வர்றதில்ல. துணியில ரத்தம் இருக்கு. அவரே நோண்டிக்கிறாருன்னுதான் நினைக்கிறேன். வீட்டுல இருந்த கத்தி, கண்ணாடித் துண்டு எல்லாத்தையும் எங்க அண்ணன் வீட்டுல குடுத்து வச்சிருக்கேன்."

மச்சான் சில நாளாக முகம் பார்த்துப் பேசாததும், கத்தியைத் தேடியபோதெல்லாம் இவள் பேச்சை மாற்றியதும் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டன. ஊரெல்லாம் சந்தேகப்படட்டும். இவளுமா?

அன்று வெட்டவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பொறுமையாகப் பேசிப் பார்த்துவிட்டு, "இது மனசுக் கோளாறா எனக்குத் தெரியல" என்று தோல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்.

அந்த டாக்டரம்மா புண்ணைத் தொடாமலே குனிந்து, ஓரத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாததுபோல், "வயிறு எப்படி இருக்கு?" என்றார்.

மனைவி பக்கத்தில் இருந்தாள். வைரம் தரையைப் பார்த்தார்.

"வெக்கப்பட்டா எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க."

"ரத்தமாப் போகுதும்மா. ரொம்ப நாளா. அடக்கவும் முடியல. அதான் உள்ளயே உக்காந்திருப்பேன். துணியையும் நானே அலசிப் போட்டுடுவேன்."

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

ஓரத்தில் துளி சதை எடுத்தும், குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்து, வேறு நோய் இல்லையென்று உறுதியான பிறகு மருத்துவர் விளக்கினார். "இது தொத்து இல்ல. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே ஆள் தெரியாம சொந்தத் தோலை அடிக்குது. குடல்ல புண் இருக்கிற சில பேருக்கு வரும். ரொம்ப அபூர்வம். சின்ன அடி பட்டாலும் இதுக்கு வெறி ஏறிடும். அதான் வெட்ட வெட்டப் பெருசாச்சு."

"அப்ப இவரு நோண்டலையா?" என்றாள் மனைவி.

"அவரு எங்கம்மா நோண்டினாரு? நாங்கதான் நோண்டிட்டோம்."

வீக்கத்தை அடக்கும் மாத்திரைகள் உள்ளே போனதும் முதலில் வலி விட்டது. பிறகு மெல்ல மெல்லச் சதை கூடியது. குடலுக்கும் வைத்தியம் நடந்தது.

முதல் மாத்திரை விழுங்கிய அன்றே அவர் கேட்டுவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ரத்தமாப் போகுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும், "நீ நேரா என்னை அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்" என்றார். அவள் அழுதாள். கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்தாள். அவர் அதைக் கையிலிருந்து வாங்கித் தானே கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும் அப்படித்தான்.

புண் மூடிவிட்டது, அந்த இடத்தில் மெல்லிய காகிதம்போலச் சுருங்கிய தோல். பட்டறைக்குக் கையுறையும் தடித்த காலுறையுமாகப் போகிறார். தினமும் காலையில் அவள் கேட்கிறாள், "வயிறு எப்படி இருக்கு?" அவரும் மருத்துவமனையில் சொல்வதுபோல ஒன்று விடாமல் சொல்கிறார். வேறு எதையும் அவளிடம் சொல்வதில்லை.