காதர் மைதீனின் ஓவர்கள்

வளைகுடாவில், சத்வா பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் காதர் மைதீன் எங்கள் டீம் பவுலர். வெள்ளிக்கிழமைதோறும் அல் கூஸ் மண் மைதானத்தில் மேட்ச். சீசன் முடிந்ததும் சிறந்த பவுலர் கோப்பை யாருக்கு என்று சண்டை. எங்கள் டீமிலேயே விக்கெட் அதிகம் எடுத்த விமலுக்குத்தான் என்றார்கள். காதர் பாய் ஓவரில் ரன்னே வராதே, அது கணக்கில்லையா என்று நான் எகிறினேன். காதர் பாய் பந்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர் டீம் கார்மேகம் எழுந்தான். "காதர் பாயை அடிக்க முடியல. அந்த ஆத்திரத்துல விமலோட பந்தைத் தூக்கி அடிக்கப் போய்த்தான் நாங்க எல்லாரும் அவுட்டானோம்."

முதலில் கை தட்டியது விமல்தான்.

கோப்பை இப்போது தையல் கடையில் இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்களுக்குக் காதர் பாய் கதையை முழுசாகச் சொல்வார். இடுப்பைச் சுற்றி இஞ்ச் டேப் இருக்கும்போது யார் எங்கே ஓடுவது?