சொட்டும் குழாய்கள்

மழையில் நனைந்த பேரனின் கான்வாஸ் ஷூவை இன்று விறகடுப்பருகே காயவைத்தபோது எழுந்த வாடைக்கு மருமகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கோ, திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் நாகர்கோவிலில் இயங்கி, பிறகு இடிக்கப்பட்டு இப்போது கடைகளாகிவிட்ட தீயணைப்பு நிலையம் அப்படியே மணத்தது. தீயணைத்துத் திரும்பியதும் அப்பாவும் மற்றவர்களும், முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல், ஈரத்தோடு சுருட்டினால் இற்றுப்போகும் என்று, நீளமான கான்வாஸ் குழாய்களை முதலில் அலசி உயர்ந்த கம்பத்தில் தொங்கவிடுவார்கள். அவை சொட்டச் சொட்ட, குடியிருப்புப் பிள்ளைகள் நாங்கள் கீழே நின்று நனைவோம். "ஏட்டி, சளி பிடிக்கும், ஓடு!" என்று அப்பா விரட்டுவார்; அந்த விரட்டலுக்காகவே நான் நிற்பேன்.

கோட்டாறு பகுதியில் தேங்காய்நார்த் தும்பு மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கி எரிந்த அன்றும் வண்டி திரும்பியது. அப்பா மட்டும் இறங்கவில்லை. மற்றவர்கள் குழாய்களை அலசினார்கள், ஒன்றுவிடாமல் தொங்கவிட்டார்கள். அப்பா பின்னால் நடந்து வருவார் என்று நான் வழக்கம்போல் கீழே போய் நின்றேன்.

"அப்பா எங்க மாமா?" என்று வண்டியோட்டும் மாமாவிடம் கேட்டேன்.

அவர் கம்பத்தையே பார்த்தபடி, "நீ நனைஞ்சுக்கோ மக்கா" என்றார்.

கடைசிக் குழாயும் சொட்டி ஓயும்வரை நனைந்துகொண்டு நின்றேன். என்னை யாருமே விரட்டவில்லை.