என் பெட்டி கிளம்பிவிட்டது

பத்து நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, என் பெட்டி மலாயாவுக்குக் கிளம்பிவிட்டது.

நான் கிளம்பவில்லை.

பயப்படாதீர்கள், பெட்டி ரொம்ப தூரம் போய்விடவில்லை. காலடிப்பேட்டையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து ராயபுரத்தில் என் சிநேகிதர் காதர் பாய் வீடு வரைக்கும்தான். ரிக்‌ஷாவில் போயிற்று. நானும் கூடவே போய், இறக்கி வைத்துவிட்டு, ஒரு டீ சாப்பிட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஆனாலும் சாஸ்திரப்படி அன்றைக்கே பயணம் தொடங்கியாகிவிட்டது.

பரஸ்தானம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல நாளில் ஊருக்குக் கிளம்ப முடியவில்லையா? அந்த நல்ல நாளில் உங்கள் சாமான் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். நீங்களே கிளம்பியதாக அர்த்தம். அப்புறம் எந்த ராகுகாலத்தில் வேண்டுமானாலும் வண்டி ஏறலாம். ஒரே ஒரு நிபந்தனை — கிளம்பிய சாமான் மறுபடி உங்கள் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது.

என் கப்பல் செவ்வாய்க்கிழமை, மாலை மூன்றரை மணிக்கு. அசல் ராகுகாலம்! கப்பல்காரர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. என் மனைவி மீனாட்சி பார்ப்பாள். பினாங்கிலிருந்து ஏர் மெயிலில் உத்தரவு வந்தது. "செவ்வாய்க்கிழமை ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், முந்தின புதன்கிழமையே பெட்டியைப் பரஸ்தானம் வைத்துவிடுங்கள். வைக்காமல் வந்தால் உங்களைக் கூப்பிட நான் கப்பல் ஜெட்டிக்கு வர மாட்டேன்."

மீனாட்சி பிறந்ததே பினாங்கில்தான். மெட்ராஸை அவள் முதன்முதலாகப் பார்த்தது போன வருடம். ஊருக்கு வெளியே பிறந்தவர்களுக்குத்தான் பஞ்சாங்கம் தலைகீழ்ப் பாடமாக இருக்கிறது... ஏன் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி.

நான் இருபத்தாறு வருடம் பினாங்கில் நோட்டு, பேனா, பத்திரிகை விற்றவன். அங்கேயே மீனாட்சியைக் கட்டிக்கொண்டேன். அங்கேயே கமலி பிறந்தாள். போன வருடம் அக்கா பெண் கல்யாணத்துக்காக மூன்று பேரும் வந்தோம். 'போய்விட்டுத் திரும்பி வரலாம்' என்று ஸ்டாம்ப் குத்திய பெர்மிட் என் சட்டைப்பையில் இருந்தது. கல்யாணம் நடந்தது. எனக்கு டைபாய்டு வந்தது. டைபாய்டு போவதற்குள் பெர்மிட்டின் கெடு போய்விட்டது. போதாக்குறைக்கு, நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அங்கே சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள்.

மீனாட்சிக்கும் கமலிக்கும் கவலையில்லை. இரண்டு பேரிடமும் அங்கே பிறந்த சர்டிபிகேட் இருக்கிறது. கமலிக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். "நீங்கள் முன்னால் போங்கள், அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன்" என்று கையாட்டி அனுப்பி வைத்தேன்.

அது ஏழு மாதத்துக்கு முன்னால்.

புதுச் சட்டத்தைப் பல பேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். எனக்குப் புரிந்த மட்டில் சங்கதி இதுதான்: உள்ளே இருக்கிறவர் இருக்கலாம். கெடு தாண்டாத பெர்மிட்டோடு வெளியே வந்தவர் திரும்பிப் போகலாம். பாக்கிப் பேர் எல்லாரும் 'புதிதாக வருகிறவர்'. புதிதாக வருகிறவருக்கு, அங்கே யாருக்கும் தெரியாத தொழில் ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

இருபத்தாறு வருடம்! எந்தச் சந்தில் எந்த நாய் கடிக்கும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அந்த ஊருக்கு நான் புதிதாக வருகிறவனாம். தொழில்? நோட்டுப் புத்தகத்துக்குக் கசங்காமல் அட்டை போடுவேன். ஜோக் சொல்வேன். மலாயாவில் சிரிப்புக்குப் பஞ்சம் என்று யாராவது மேஜிஸ்டிரேட் எழுதிக் கொடுத்தால் உண்டு.

இன்னொரு வழியும் இருந்தது. அங்கே குடியிருக்கும் ஆண்பிள்ளை தன் மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்ளலாம். மனைவி புருஷனை வரவழைக்கலாமா? சட்டம் வாயைத் திறக்கவில்லை. ஃபாரத்தில் அதற்குக் கட்டமே இல்லை. மீனாட்சி அசருகிறவளா? 'அழைப்பவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். 'மனைவியின் பெயர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். விவரம் சொல்லித் தனியாக ஒரு கடிதம் வைத்து அனுப்பினாள்.

அனுமதி வந்துவிட்டது!

அச்சடித்த தாள். 'மனைவி / குழந்தை — எது பொருந்தாதோ அதை அடிக்கவும்' என்று இருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். 'குழந்தை'யை அடித்திருந்தார்.

ஆக, சர்க்கார் காகிதப்படி நான் மீனாட்சியின் மனைவி.

சிரித்தேன், சிரித்தேன், அப்படிச் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் வீட்டில் யாருமில்லை. ஜோக் என்பது இரண்டு பேர் சாப்பிடுகிற பண்டம். தனியாகச் சாப்பிட்டால் தொண்டையிலேயே நிற்கிறது. பஸ் ஏறி ராயபுரம் போனேன்.

காதர் பாய் துறைமுகத்துக்கு எதிர்ச்சாரியில் கப்பல் கயிறு விற்பவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முகத்தைத் துளிக்கூட மாற்றாமல் கேட்டார்:

"சரி நைனா... பொடவை இன்னா கலர்ல எடுக்கட்டும்?"

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மைமூன் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் நான் சொன்ன ஜோக்குக்கு ஒரு பெண்பிள்ளை சிரித்தது அதுதான் முதல் தடவை. வீடு வருகிற வரைக்கும் அந்தச் சத்தம் என் கூடவே பஸ்ஸில் வந்தது.

புதன்கிழமை பரஸ்தானம் வைத்தேன். ஒரு துண்டும் குடையும் போதும்தான். எனக்கிருந்த அவசரத்தில் கிட்டத்தட்ட வீட்டையே தகரப் பெட்டிக்குள் அடைத்துவிட்டேன். சட்டைகள், தலையணை, சவர சாமான், கமலிக்கு வாங்கிய சிவப்பு ரிப்பன். எல்லாவற்றுக்கும் அடியில், பத்திரமாக, பாஸ்போர்ட்டும் அனுமதித் தாளும். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு கோரைப்பாய், ஒரு செம்பு, நான்.

சனிக்கிழமை காலையில் கப்பல் ஏஜெண்டிடமிருந்து தபால் கார்டு. 'புது ஆர்டர் வந்திருக்கிறது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எல்லாக் காகிதங்களையும் கொண்டுவந்து காட்டவும்.'

புது ஆர்டர்! ராயபுரத்துக்கு ஓடினேன். பெட்டி இருந்தது. பூட்டு இருந்தது. சாவி இல்லை. காலடிப்பேட்டைக்குத் திரும்பி ஓடினேன். கோரைப்பாயும் செம்பும் இருக்கிற வீட்டில் சாவி தேட எத்தனை நேரம் ஆகும்? பாயைப் பதினாலு தடவை தூக்கிப் பார்த்தேன். செம்புக்குள் கையை விட்டேன், கவிழ்த்தும் தட்டினேன். மறுபடி பஸ். கண்டக்டர், "இன்னா சார், காலைலேர்ந்து இப்புடியும் அப்புடியும் போயினே கீற?" என்று கேட்டார்.

காதர் பாய் பூட்டை உடைக்கச் சுத்தியலை எடுத்துவிட்டார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மைமூனின் குரல்:

"அண்ணே... நீ ஓடுறப்போ இடுப்புல இன்னாவோ கிலுங்குதே, அது இன்னா?"

அரைஞாண் கயிற்றில் சாவி. 'தொலைந்துவிடக் கூடாது' என்று நானே புதன்கிழமை முடிந்து வைத்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏஜெண்ட் ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"சார், இதுல மனைவின்னு இருக்கு."

"ஆமாம்."

"பாஸ்போர்ட்டுல ஆண்னு இருக்கே?"

"அதுவும் சரிதான்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன்... புடவை ஜோக்கைக்கூடச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். காகிதம் சரியில்லாத ஆளை ஏத்தினா அங்கே இறங்க விடமாட்டாங்க. அதே கப்பல்ல எங்க பொறுப்புல திருப்பிக் கொண்டுவரணும். போன தடவை ரெண்டு பேர் அப்படித்தான் வந்தாங்க, அதுக்குத்தான் இந்தப் புது ஆர்டர். கரை வரைக்கும் போனாங்க, பார்த்தாங்க, வந்துட்டாங்க."

"என் சம்சாரமும் பொண்ணும் ஜெட்டியிலே நிப்பாங்களே சார்?"

"அந்த ரெண்டு பேருக்கும்கூட யாரோ நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க."

தாளைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். எத்தனை நாள் ஆகும்? அவர் கையை விரித்தார். கட்டமே இல்லாத விஷயத்துக்கு முதலில் கட்டம் போட வேண்டும், அப்புறம் அதில் டிக் அடிக்க வேண்டும், அதற்குள் சட்டம் இன்னொரு தரம் மாறாமல் இருக்க வேண்டும்.

அங்கிருந்தே மீனாட்சிக்குத் தந்தி கொடுத்தேன். 'இந்தக் கப்பலில் வரவில்லை. பெட்டி மட்டும் கிளம்பியது. விவரம் கடிதத்தில்.'

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு நான் காதர் பாய் கடையில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. கப்பல் எனக்குத் தெரியவில்லை, எதிரே சரக்குக் கிட்டங்கியின் சுவர். புகை மட்டும் சுவருக்கு மேலே மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது. காதர் பாய் வியாபாரத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரிந்து கிடந்த கயிற்று முனை ஒன்றை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

புகை போனதும் எழுந்தேன். "ஒரு ரிக்‌ஷா கூப்பிடு பாய். பெட்டியை எடுத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் முடியாது அண்ணே." திரைக்குப் பின்னாலிருந்து மைமூன்தான்.

"என் பெட்டி, தங்கச்சி!"

"கெளம்புன பொட்டி திரும்ப வூட்டுப் படி ஏறக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அது எங்க வழக்கம்மா. கப்பலே போயிடுச்சு."

"கப்பலுதானே போச்சு? அண்ணி அங்கதானே கீறாங்க?"

நான் காதர் பாயைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்தார். "பேஜாரு பண்ணாத நைனா. சட்டை வோணும்னா வந்து மாத்திக்கினு போ."

பரஸ்தானத்தைப் பற்றிப் பத்து நாளைக்கு முன்னால் கேள்விகூடப் படாத வீடு, அதை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறது.

ஆகவே இப்போது தினமும் காலையில் பஸ் ஏறுகிறேன். "டூட்டியா சார்?" என்று அதே கண்டக்டர் கேட்டார். "சவரம்" என்றேன். அவருக்கு நான் இன்னும் விளக்கவில்லை. பெட்டியைத் திறந்து, முகம் மழித்து, சட்டை மாற்றி, ரிப்பன் நிறம் மங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன். வீட்டில் இருந்தபோதுகூட நான் இத்தனை ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டதில்லை.

என் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஏழு மாதம் ஒருத்திக்குக் காத்திருக்கப் போதுமானது. சலித்துப்போகவும் போதுமானது. 'சரி, நீங்கள் அங்கேயே இருந்துகொள்ளுங்கள்' என்று மீனாட்சி சொல்லிவிட்டால்? சொன்னால் எந்த ஆபீஸில் போய் முறையிடுவது?

வியாழக்கிழமை பதில் தந்தி வந்தது. பிரிக்கத் தைரியம் இல்லாமல் அப்படியே ராயபுரத்துக்குக் கொண்டுபோய்க் காதர் பாய் கையில் கொடுத்தேன். "எனக்கு இங்கிலீசு ஏது நைனா?" என்று என்னிடமே திருப்பித் தந்தார்.

பிரித்தேன். ஒரே ஒரு வரி.

'பெட்டியை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகாதீர்கள்.'

"இன்னா சொல்றாங்க?" என்றார் காதர் பாய். படித்துச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து, "நான் சொல்லல?" என்று ஒரு குரல் ஜெயித்தது.

ஆசிரியர் கோபித்துக்கொள்வார், கட்டுரை ஒரு நாள் தாமதம். காலடிப்பேட்டையில் உட்கார்ந்து எழுதத்தான் நினைத்தேன். பேனாவும் பெட்டிக்குள் இருந்துவிட்டது.