கரை இருக்குது, உடல் எங்கே?

கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு மாலத்தீவு டிக்கெட் விற்பது சுலபமான தொழில். விற்கிறவன் கடலைப் பற்றிப் படித்தவனாக மட்டும் இருக்கக் கூடாது. நான் படித்துத் தொலைத்தவன். நிலவியலில் முதுகலை. பவளத் தீவுகளைச் சுற்றிக் கடல்மட்டம் எந்தக் காலத்தில் ஏறியது, எப்போது இறங்கியது என்பதுதான் என் ஆய்வு. அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காமல், காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியிலுள்ள டிராவல்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே புடவை எடுத்த கையோடு மேலே ஏறி வந்து ஹனிமூனுக்கு விசாரிப்பார்கள். படித்தது ஒன்று, பார்க்கிற வேலை ஒன்று என்று காலம் தள்ளும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது புரியும். நமக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம்.

ஊட்டியில் மலை

என் நாற்காலிக்குப் பின்னால் ஆளுயரப் படம் ஒன்று உண்டு. ஆகாயத்திலிருந்து எடுத்த மாலத்தீவு. நீலக் கடலில் வளையமாகப் பவளத்திட்டு, அதன்மேல் பொட்டுப் பொட்டாகத் தீவுகள், நடுவில் வெறும் தண்ணீர். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மாள் சகிதம் வந்தார். மற்றவர்கள் விலை கேட்டுக்கொண்டிருக்க, அவர் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னாப்பா இது, கரை இருக்குது, உடல் எங்க?" என்றார். புடவையில் கரையையும் உடலையும் கோத்து நெய்தே பழகிய கண் அது.

இப்படி ஒரு கேள்விக்காகக் கல்லூரி முழுக்கக் காத்திருந்தேன்; ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "உடல் இருந்துச்சுங்க! நடுவுல பெரிய எரிமலை. அது கொஞ்சம் கொஞ்சமாக் கடலுக்குள்ள அமுங்கிடுச்சு. மலை கீழ போகப் போக, சுத்தியிருந்த பவளம் மட்டும் மேல மேல வளர்ந்து இப்படிக் கரையா நிக்குது" என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். நெசவாளர் ரசித்துக் கேட்டார். சம்பந்தியம்மாள் கைப்பையைப் படக்கென்று மூடினார். "மலையே முழுவிப்போன எடத்துக்கா புள்ளைங்கள அனுப்பறது? ஊட்டிக்குப் போடுப்பா. அங்க மலை இன்னும் அப்டியேதான இருக்குது?"

மேடத்தின் உத்தரவு

ஊட்டிப் பார்ட்டி எங்களிடம் ஊட்டிக்கும் பதிவு செய்யவில்லை. அதற்கு முன்பும் இதே மாதிரி சிலரை நான் பாடம் எடுத்துப் படியிறக்கி அனுப்பியிருந்தேன். முதலாளி கஸ்தூரி மேடத்துக்கு எதிர் மேஜை. அதிர்ந்து பேச மாட்டார். கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். எனக்கோ மாகறலில் பாதி கட்டி நிற்கும் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். இந்த வேலையும் போனால் பவளப்பாறையா வந்து சோறு போடும்? தை முகூர்த்தங்கள் தொடங்குகிற வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "கடல் ஏறிச்சு, எறங்கிச்சுன்னு நீ வாயத் தொறந்து இன்னொரு பார்ட்டி எழுந்து போச்சுன்னா, மூர்த்தி, அவங்களோட சேர்ந்து நீயும் படி எறங்கிடு."

அத்திவரதர் கணக்கு

நான் சும்மா இருந்தாலும் கடல் சும்மா இருப்பதில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் அம்மாவோடு வந்தான். உட்காரும்போதே, "சார், மாலத்தீவு முழுகிடும்னு போட்டிருக்குதே?" என்று போனை நீட்டினான். மேடத்தின் கால்குலேட்டர் நின்றது. சரி, நல்ல பாதியை மட்டும் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். பனியுகத்தில் கடல் பல பனையாழம் கீழே கிடந்தது. அப்போது இந்தத் திட்டுகள் சுண்ணாம்பு மேடுகளாக வெயிலில் காய்ந்தன. பனி உருகிக் கடல் ஏறியதும் முழுகின, அவற்றின் தலையில் புதுப் பவளம் வளர்ந்தது. சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று உயரமாகக்கூட நின்றுவிட்டுப் பிறகு இறங்கியிருக்கிறது. முழுகுவதும் எழுவதும் அந்த இடத்துக்குப் புதிதல்ல என்று முடித்தேன்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் குளத்துக்குள் சயனித்திருக்கும் அத்திவரதரை நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்வார்கள். "அப்டி சொல்லு! நம்ம அத்திவரதர் மாரி. முழுவினா இன்னா, எழுந்து வந்துடும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பார்ட்டி வலையில் விழுந்தது என்று நான் பேனாவை எடுத்தேன். பையன் எழுந்தே விட்டான். "அவரு எழுந்து வர நாப்பது வருஷம் ஆவும்மா. எனக்கு லீவு ஒரு வாரந்தான்."

மோதிரக் கல்

அந்தப் பையனை மேடம் பேசிப் பேசிக் கேரளாவுக்குத் திருப்பிவிட்டதால் என் நாற்காலி பிழைத்தது. அடுத்து வந்தவர்கள் வெள்ளிவிழாத் தம்பதி. தையல் கடை வைத்திருக்கும் அம்மாள்; அவருக்குப் பின்னால் படி முழுக்க அடைத்துக்கொண்டு அவர் கணவர். "தீவுல பவளம் பொறுக்கிக்கினு வந்தா பொண்ணுக்கு மோதிரம் பண்ணலாமா? அவளுக்கு செவ்வா தோஷம் இருக்குது" என்று அம்மாள் கேட்டார். மோதிரப் பவளம் வேறு, இது வேறு, இதைத் தொட்டால் அபராதம் என்று சொன்னதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. ஒரு வகைப் பவளம், கடல் வற்றி இறங்கும்போது தண்ணீர் நிற்கிற மட்டம் வரைக்கும்தான் மேலே வளரும், அதற்குமேல் வெளியே தலைநீட்டினால் காய்ந்து செத்துவிடும். அதனால் உச்சி தட்டையாகி, பக்கவாட்டில் மட்டும் பரவிக்கொண்டே போகும். அந்தத் தட்டை உச்சியை வைத்துத்தான் பழைய கடல்மட்டத்தைக் கணிக்கிறோம் என்று அதையும் சொல்லிவிட்டேன். அம்மாள் திரும்பிக் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "மேல போவ வழியில்லாம சுத்தி அகலமாவே வளருதுன்னா அது எங்க வூட்டுக்காரருதான். ரெண்டு டிக்கெட்டு போடு, ஜாதிக்காரங்கள பாத்துட்டு வரட்டும்."

தண்ணீர் தெரிந்தவர்

அந்த ஒரு வியாபாரத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அதைக் கரைக்கத் தென்னேரியிலிருந்து ஏகாம்பரம் வந்தார். ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர். கூடவே வந்திருந்த மகள் பவித்ராவுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மாலத்தீவு பார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசையாம். பக்கத்திலேயே மாப்பிள்ளை சுரேஷ் பணத்தோடு தயார். அப்பாவின் சம்மதம் மட்டும் பாக்கி. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கலங்கல் எந்தப் பக்கம் இருக்குது?" என்றார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற இடம்தான் கலங்கல். கடலுக்கு அது கிடையாதுங்க என்றேன். "கலங்கலே இல்லாத தண்ணியா? அப்ப முழுவுமா, முழுவாதா? அத மட்டும் சொல்லு."

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பவித்ரா கைவிரல்களைப் பின்னிக்கொண்டு அதைவிட அதிகமாகப் பார்த்தாள். முழுகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் சுபம். பெண்ணைப் பெற்றவரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் இரண்டு பெண்களைப் பெற்றவன். "முன்ன கடல் மெதுவா ஏறினப்பெல்லாம் பவளமும் கூடவே வளர்ந்து சமாளிச்சிருக்குதுங்க. இப்ப வேகமா ஏறுது. தண்ணி சூடாகிப் பவளமும் வெளுத்துச் சாகுது. உங்க பொண்ணு போயி வர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அவ பேரப்பிள்ளைங்க காலத்துல என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது" என்றேன். சொல்லிவிட்டு, மேஜைக்கடியில் கால் செருப்பைத் தேடியது.

ஏகாம்பரம் மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "நாலு டிக்கெட்டா போடு. நானும் எங்க வூட்லயும் கூடப் போறோம். தண்ணி ஏர்ற எடத்துக்குப் பொண்ணு போச்சொல்ல, தண்ணி தெரிஞ்சவன் ஒருத்தன் கூட இருக்கணும்" என்றார். மாப்பிள்ளை முகம் வெளுத்தது, சாகிற பவளமே தேவலை. "மாமா, உங்களுக்குப் பாஸ்போர்ட் வேணுமே?" என்றான் கடைசி நம்பிக்கையாக. ஏகாம்பரமும் மனைவியும் சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போய் வந்த பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நான் நாலு பேரையும் பதிந்தேன். சுரேஷ் மேஜைமேல் குனிந்து என் காதோடு சொன்னான். "சார், ரூமையாவது தள்ளித் தள்ளிப் போடுங்க."

மணிலாக்கொட்டை மூட்டை

கல்யாணம் முடிந்து தீவுக்குப் போய் வந்ததும் ஏகாம்பரம் ஒரு மூட்டை மணிலாக்கொட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, மாடியேறி வந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் சந்தோஷமாக இருந்தார்களாம். இவரைக் கண்ணிலேயே காணோம் என்பதே காரணமாக இருக்கலாம். விடிந்ததும் தீவைச் சுற்றி நடக்கக் கிளம்பிவிடுவாராம். காப்பி ஆறுவதற்குள் சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவாராம். அலை எங்கே மணலைத் தின்கிறது, எங்கே கொண்டுவந்து போடுகிறது என்று கையால் மேஜைமேல் வரைந்து காட்டினார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், அந்தப் படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "எங்க ஊர்ல ஏரி பெருகிச்சுன்னா ஓடிப்போயி கரை மேல ஏறி நிப்போம். அங்க கரைதான்பா ஊரே. அந்த ஜனங்க எங்க ஓடும்?"

நாற்காலியைத் திருப்பி நானும் படத்தைப் பார்த்தேன். ஆய்வில் பக்கம் பக்கமாக எழுதியவன், இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் இறங்கிப் போன பிறகு மேடம் கொட்டை உரித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். கடலைப் பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டவர், என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "ஏன் மூர்த்தி, அந்தப் பவளம் எப்டியாச்சும் தண்ணி கூடவே வளந்துடும் இல்ல?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான்; படித்தது விடவில்லை. படித்த படிப்பு ஒருநாளும் நம்மைக் கைவிடாது, என் இனத்தாரே. வேலை போகிற நேரம் பார்த்து, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் நின்றுகொள்ளும்.