தலைக்குத் தண்ணீர்

அண்ணன் காதில் கேட்ட குரல்கள் பிரெஞ்சில் பேசின. வீட்டில் பிரெஞ்சு படித்தவன் அவன் ஒருவன்தான். மனச்சிதைவு என்ற பெயரெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

"என்னடா சொல்றாங்க?" என்று அம்மா கேட்பாள்.

"கெளம்பி வான்னு கூப்புடறாங்கம்மா."

உடனே அம்மா முத்தியால்பேட்டைக்கே கேட்கும்படி சுவரைப் பார்த்துக் கத்துவாள்: "எம் புள்ள எங்கயும் வரமாட்டான், போங்கடா!" எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சில நாள் அண்ணனுக்கும் வரும். அவன் சிரிக்கிறான் என்பதற்காகவே அம்மா இன்னொரு தடவை கத்தக்கூடாதா என்று இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. குமாஸ்தாவாக இருந்த அண்ணன் ஆபீசுக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். இதற்கென்று படித்த டாக்டர் மதராஸில்தான் இருக்கிறார் என்றார். "தனியா விடாதீங்க" என்றும் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மாவும் நானும் முறை போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் காலையில் அவனே கேட்டான்.

"அம்மா, எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தும்மா."

அம்மை கண்டவர்களுக்கு, அது இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவோம். ஊற்றியாயிற்று என்றால் நோய் போயிற்று என்று அர்த்தம். படுத்த பாய், உடுத்திய துணி எல்லாம் வீட்டைவிட்டுப் போய்விடும். பிள்ளை வாய்விட்டுக் கேட்டதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அழுதுகொண்டே ஊற்றினாள்.

குளித்துவிட்டு வந்து அண்ணன் தன் சட்டைகளை எல்லாம் எடுத்துத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டான். சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் தள்ளிக்கொண்டு போய் ஒப்படைத்தான். வழக்கம்தானே என்று இருந்துவிட்டோம். கடைசியில் தன் பேனாவை என்னிடம் நீட்டினான்.

"ரொம்ப நாளா உனக்கு இது மேல ஒரு கண்ணு. வெச்சுக்க."

"நெஜமாவாண்ணா? அப்பறம் திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் என்னுடைய முறை. தேறிவிட்டவனுக்குக் காவல் எதற்கு என்றாள் அம்மா. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. பேனாவைக் காட்டத் தோழி வீட்டுக்கு ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டுவிட்டான்.

சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாமாம். கேட்டால் சிலர் சொல்லிவிடுவார்களாம். பல வருஷம் கழித்து ஒரு டாக்டரம்மா சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் அம்மா?

கடற்கரைப் பக்கம் யாராவது பிரெஞ்சு பேசிக்கொண்டு போனால் இன்றும் நின்றுவிடுகிறேன். பேனா என்னிடம்தான் இருக்கிறது. கொடுத்த வாக்கை மீறி, ஒரே ஒரு தடவை வந்து அவன் அதைத் திருப்பிக் கேட்கமாட்டானா என்று இருக்கிறது.