கதவடைத்த வாசலில் குந்தியிருந்த மிஸ்ஸி

பெரியகல்லாற்றிலிருந்து அழைப்பு வந்தபோது நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். "டீச்சர், நம்மட பாக்கியம் மிஸ்ஸி மோசம் போயிட்டா," என்றார் அவருடைய மருமகள். சாவுச் செய்தி கேட்டு அகப்பையை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாவியின் இரு கரையிலும் அவர் கைபடாத பிள்ளை குறைவு. இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் ஏச்சு வாங்கிய தாய்மாராகவே இருப்பீர்கள்.

நடக்க, பேச, கேட்கப் பிந்துகிற சிறுபிள்ளைகளை ஊர்ஊராகப் போய்க் கண்டுபிடிப்பது, மருத்துவமாதாக இருந்த அவருடைய வேலை. சுனாமிக்குப் பிறகு பனிச்சங்கேணிப் பக்கத்து முகாம்களில்தான் அவருக்கு உதவியாக முதலில் சுற்றினேன். வெளிநாட்டில் தயாரித்த கேள்வித்தாள் ஒன்றைத் தந்திருந்தார்கள். பிள்ளை மாடிப்படி ஏறுமா என்று அதில் இருந்தது. கூடாரத்தில் இருந்த தாய் சற்றும் யோசிக்காமல் ஓம் என்றாள். தாள் பிடித்தவர் எவர் வந்து எதைக் கேட்டாலும் ஓம் சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் சனம் பழகிய தற்காப்பு. யுத்த காலத்தில் வீட்டில் எத்தனை பிள்ளை என்று எழுதிப் போனவர்கள் பிறகு பிள்ளையைப் பிடிக்க வந்ததில் பட்ட பாடு அப்படி. மிஸ்ஸி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். வெற்றிலை கேட்டு வாங்கிப் பாயில் அமர்ந்துவிட்டார். "எழுத வந்தவளுக்கு ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. குந்தியிருக்கிறவளுக்குத்தான் உள்ளதச் சொல்லுவாங்க," என்பார்.

யுத்தம் முடிந்த பிறகு வவுணதீவில் ஒரு வீடு. மூன்று வயதாகியும் மகள் ஒரு சொல் பேசவில்லை. ஷெல் சத்தத்தில் பயந்த பிள்ளை, பயம் தெளிந்தால் பேசும் என்றது ஊர். தாய் கோயில் கோயிலாகப் போய் நூல் கட்டினாள். மிஸ்ஸி அவளோடு அரிசி புடைத்துக்கொண்டே, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சட்டிமூடியை நழுவவிட்டார். கோழிகள் சிதறி ஓடின. பிள்ளை மண்ணில் கோடு கீறிக்கொண்டே இருந்தது.

"பயந்த புள்ளயெண்டா முதல்ல திரும்புறது அதுதான், மகள். இதுக்குக் காது கேக்கல்ல."

தாய் சுளகைப் பறித்துக்கொண்டு, இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கதவை அடைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புருஷன் காணாமல் போனவன். பயம் ஒருநாள் தெளியும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவளிடம் மிஞ்சியிருந்தது.

கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம் என்றேன். "பயமெண்டா பொறுக்கலாம் டீச்சர். காதெண்டா பொறுக்கேலா. புள்ள வளர்ந்திட்டா பிறகு பேச்சு வாறது கஷ்டம்," என்று என்மீது எரிந்து விழுந்தார்.

கிழமை தவறாமல் அந்த வாசலுக்குப் போனார். கதவு திறக்காது. வாசலிலேயே குந்தி, அயல் வீட்டாரோடு வெள்ளாமைக் கதை பேசிவிட்டு வருவார். காது என்ற பேச்சை மறந்தும் எடுக்கவில்லை. ஒருநாள் அந்தத் தாயே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "எங்க போகணும் மிஸ்ஸி?" என்று கேட்டாள். அன்றைக்கே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதுக்குக் கருவி பூட்டிய பிறகும் பேச்சு வர வெகுகாலம் பிடித்தது.

செத்தவீட்டுக்கு அந்த மகளும் வந்திருந்தாள், இப்போது குமரி. பெண்கள் ஒப்பாரி வைத்து அழ, பெட்டியடியில் நின்றாள். கருவியில் சத்தம் இரையும், கழற்றிவிடு என்று தாய் சைகை காட்டினாள். அவள் மறுத்துத் தலையசைத்தாள்.

"இரிக்கட்டும்மா. மிஸ்ஸிக்கு அழுறத நான் கேக்கணும்."

எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அந்தப் பிடிவாதம்தான். கசப்பான உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிவராமல், தாயின் கோபம் ஆறும்வரை வாசலில் இருக்கிற பிடிவாதம். நேற்றும் ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேரே கதவை அடைத்தார்கள். நாளைக்குத் திரும்பப் போகிறேன்.